பந்தயக் காருக்குப் பல்லக்கு

1836-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள டான்காஸ்டர் என்ற ஊரில் புகழ்பெற்ற செயின்ட் லெஜர் குதிரைப் பந்தயம் நடக்க இருந்தது. அதில் ஓட வேண்டிய எலிஸ் என்ற குதிரையோ, பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும்போதும், தென்கோடியில் குட்வுட் என்னுமிடத்தில் லாயத்தில் நின்றுகொண்டிருந்தது. இடையிலுள்ள தொலைவு 300 கிலோமீட்டருக்கும் மேல். அந்நாளில் பந்தயக் குதிரைகளை நடத்தியே கூட்டிச் செல்வது வழக்கம். இனிக் கிளம்பினாலும் எலிஸ் உரிய நாளில் போய்ச் சேராது என்று பணம் வைத்து ஆடுவோர் முடிவு கட்டிவிட்டார்கள். அதன் பெயரில் பணம் கட்டுவோருக்கு மிகப் பெரிய தொகை தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

எலிஸைக் கவனித்து வந்தவர் ஜார்ஜ் பெண்டிங்க் பிரபு. (முதலில் சென்னையில் கவர்னராகவும் பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் இருந்த வில்லியம் பெண்டிங்க் இவருடைய சித்தப்பா.) அவர் ஒரு பெரிய மூடுவண்டியைச் செய்வித்து, எலிஸை அதனுள் ஏற்றி, வேறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரையைக் குதிரைகள் இழுத்துச் சென்றன! டான்காஸ்டரில் களைப்பின்றி இறங்கிய எலிஸ் பந்தயத்தில் வென்றது.

ஓட வேண்டியது ஓடுகளத்தில்தான் ஓட வேண்டும், வழியில் தன் வலுவைச் செலவிடக்கூடாது என்பது குதிரை விஷயத்தில் அன்றே விளங்கிவிட்டது. மோட்டார் கார் விஷயத்தில் இது விளங்குவதற்கு நெடுங்காலம் பிடித்தது. விளங்கியபின், எப்படி எடுத்துச் செல்வது என்ற கேள்வி எழுந்தது. லாரியில் ஏற்றுவதா? பின்னால் கட்டி இழுப்பதா? பழைய விளையாட்டுக் கார் வைத்திருப்பவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்குள் நல்ல பௌதிகம் ஒளிந்திருக்கிறது.

முதல் கார்ப் பந்தயங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று பாரிஸுக்கே திரும்பிய பந்தயத்தில் நாட்டுச் சாலையே பந்தயப் பாதை. 1903-இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் போட்டியாளர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் மாண்டதால், பிரெஞ்சு அரசு அதைப் பாதி வழியிலேயே, போர்தோவிலேயே நிறுத்திவிட்டது. ஊருக்கு ஊர் ஓடும் பந்தயங்களின் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். அதன்பின் அடைக்கப்பட்ட பாதைகள் வந்தன. 1907-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் கார்ப் பந்தயத்துக்கென்றே ஒரு களம் கட்டப்பட்டது. பந்தயம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டதால், கார்தான் அவ்விடத்துக்குப் போயாக வேண்டியதாயிற்று.

அப்போதும் பலர் காரை ஓட்டிக்கொண்டுதான் போனார்கள். களத்தை அடைந்ததும் மட்கார்டுகளையும் விளக்குகளையும் கழற்றி ஓரமாக வைப்பார்கள், பந்தயம் ஓடுவார்கள், மாலையில் மீண்டும் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வருவார்கள். இது எளியவர்கள் மட்டும் செய்த வேலையன்று. 1950-களின் தொடக்கத்தில்கூட ஜாகுவார் நிறுவனம் தன் சி-டைப் பந்தயக் கார்களைக் கவன்ட்ரியிலிருந்து பிரான்ஸிலுள்ள லெ மான் களத்துக்குச் சாலை வழியாக ஓட்டியே அனுப்பியது. 24 மணி நேரம் ஓடும் அப்பந்தயத்தை அக்கார்கள் 1951-லும் 1953-லும் வென்றன. இப்படி ஓட்டிச் செல்வதில் ஒரு நன்மை உண்டு. களத்தில் தெரிய வேண்டிய கோளாறு வழியிலேயே தெரிந்துவிடும்!

ஆனால் பந்தயக் கார் வளர வளர, சாலைக்கு ஒவ்வாததாக மாறிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தில் 500 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்புறம் பொருத்திய சிறு பந்தயக் கார்கள் தோன்றின. சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் செய்த கார்கள் அவற்றில் பெயர் பெற்றவை. 300 கிலோவுக்கும் குறைவான எடை. சக்கரத்தைச் சுழற்றுவது சங்கிலி. மட்கார்டு இல்லை, விளக்கு இல்லை. இதைச் சாலையில் ஓட்டினால் முதல் காவலரே நிறுத்திவிடுவார். 18 வயது ஸ்டெர்லிங் மாஸ் 1948-இல் தன் முதல் கூப்பர் காரைக் குடும்பத்துக்குச் சொந்தமான குதிரை ஏற்றும் பெட்டிவண்டியில்தான் களங்களுக்குக் கொண்டுசென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் குட்வுட்டில் புதிய கார்ப் பந்தயக் களம் திறக்கப்பட்ட நாளன்று 500 சி.சி. பந்தயத்தில் வென்றவர் அவரே. எலிஸ் வண்டியேறிய அதே குட்வுட்!

எல்லார் வீட்டிலும் குதிரைப் பெட்டி இருக்குமா? மற்றவர்கள் இரு சக்கரங்கள் மீது இரண்டு பலகைத் தடங்களை அமைத்து, அதைக் குடும்பக் காரின் பின்னால் கோத்துக்கொண்டார்கள். இதுதான் டிரெய்லர்.

பணமுள்ள நிறுவனங்கள் வேறு வழியில் சென்றன. அவற்றுள் இரண்டு வண்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

மெர்சிடிஸ்-பென்ஸ் 1954-இல் மீண்டும் பந்தயங்களில் இறங்கியது. தொழிற்சாலை இருப்பது ஸ்டட்கார்ட்டில். பந்தயங்களோ ஐரோப்பா முழுவதும். ஒரு காரைக் கடைசி நேரத்தில் செப்பனிட்டு விரைந்து அனுப்ப வேண்டுமானால் என்ன செய்வது? சாதாரண லாரி தவழ்ந்துதான் போகும். எனவே தங்கள் உயர்ந்த ரகக் காரின் சட்டத்தை நீட்டி, அதில் 300 எஸ்.எல். விளையாட்டுக் காரின் மூன்று லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, முதுகில் ஒரே ஒரு பந்தயக் காரைச் சுமக்கும் வண்டியை 1955-இல் உருவாக்கினார்கள். ஓட்டுநர் அறை முன்சக்கரங்களுக்கும் முன்னால் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும். நீல வண்ணம் பூசிய இவ்வண்டிக்கு ‘நீல அதிசயம்’ என்று பெயர் வந்தது. முதுகில் காரை ஏற்றிக்கொண்டே மணிக்கு சுமார் 165 கி.மீ. வேகத்தில் இது ஓடும். அந்நாளில் பெரும்பாலான கார்கள் தனியாகவே இந்த வேகத்தை எட்டமாட்டா. அதே 1955-ஆம் ஆண்டு ஜூனில் லெ மான் களத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டின் இறுதியில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகிற்று. சுமக்கப் பந்தயக் கார் இல்லாத வண்டி சில காலம் சோதனைப் பிரிவில் கிடந்து, 1967-இல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. இன்று நாம் காண்பது, பழைய புகைப்படங்களைக் கொண்டு மீண்டும் கட்டி 2001-இல் முடிக்கப்பட்ட பிரதி.

மற்றொன்று ஸ்காட்லாந்தின் எக்கூரி எக்கோஸ் குழுவின் வண்டி. 1956-லும் 1957-லும் ஜாகுவார் டி-டைப் காரில் லெ மான் பந்தயத்தை வென்ற இந்தச் சிறு எடின்பரோக் குழு, 1960 வாக்கில் காமர் நிறுவனத்தின் அடிச்சட்டத்தின் மீது தனக்கென ஒரு வண்டியைக் கட்டுவித்தது. மூன்று கார்களை ஏற்றலாம். பின்புறம் தொழிற்கூடமும் உண்டு. அதன் டீசல் எஞ்சின் ஒரு விந்தை. மூன்று உருளைகள், ஆறு பிஸ்டன்கள்! ஒவ்வோர் உருளையிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே நெருங்கி வந்து நடுவிலுள்ள காற்றை அழுத்தும். இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். இவ்வண்டி 2013-இல் லண்டனில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று. சுமக்கப்பட்ட கார்கள் சிலவற்றின் விலையை விட அதிகம்.

இவ்விரு வண்டிகளுக்கும் பொதுவான ஒரு தன்மையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரண்டிலும் நடுவில் மூட்டு கிடையாது. சுமப்பதும் சுமக்கப்படுவதும் ஒரே உடல். டிரெய்லரில் அப்படியில்லை. இரண்டு உடல்கள் ஒரு கொக்கியில் சந்திக்கின்றன. நீல அதிசயம் 165 கி.மீ. வேகத்தில் பறந்த அதே ஜெர்மனியில், இன்றும் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கி.மீ.தான், சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் 100. இந்த வேற்றுமை முழுவதற்கும் காரணம் அந்த ஒரு மூட்டுதான்.

டிரெய்லரின் வால் சற்று ஒதுங்கிவிட்டதாகக் கொள்வோம். ஒரு பக்கக் காற்றோ, கடந்து செல்லும் பெரிய லாரியோ காரணமாக இருக்கலாம். அதன் டயர்கள் பாதையுடன் ஒரு கோணத்தில் உருள்கின்றன. கோணத்தில் உருளும் டயர் பக்கவாட்டில் ஒரு விசையைத் தரும். அவ்விசை வாலை நடுவுக்கு இழுத்து வரும். ஊசல் குண்டைப் போலவே, நடுவுக்கு வந்த வால் நின்றுவிடாமல் மறுபக்கம் போகும். அலைவு தொடங்கிவிட்டது. இந்த அலைவைத் தணிப்பது எது? அதுவும் டயரே. வால் பக்கவாட்டில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, வண்டி விநாடிக்கு 10 மீட்டர் முன்னேறுகிறது என்போம். அப்போது பக்க நகர்வு காரணமாக டயர் சந்திக்கும் கோணம் சுமார் 6 பாகை. வண்டி 20 மீட்டர் வேகத்தில் போனால் அதே நகர்வுக்குக் கோணம் 3 பாகைதான். கோணம் பாதியானால் தணிக்கும் விசையும் ஏறத்தாழப் பாதியாகும். நடுவுக்கு இழுக்கும் விசை வேகத்தால் குறைவதில்லை. தணிக்கும் விசையோ வேகம் கூடக்கூடத் தேய்கிறது!

கொக்கி அசையாத சுவரில் மாட்டியிருந்தால் அலைவு மெதுவாகவேனும் அடங்கிவிடும். அது மாட்டியிருப்பதோ காரின் பின்புறத்தில். டிரெய்லர் காரின் வாலை ஆட்டுகிறது. கார் ஆடியபடி டிரெய்லரை ஆட்டுகிறது. ஊஞ்சலில் இருப்பவரைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல, வண்டியின் முன்னோக்கிய இயக்க ஆற்றலிலிருந்து ஒரு பகுதி ஒவ்வோர் அலைவிலும் பக்க அலைவுக்குள் புகுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல், புகும் ஆற்றல் டயர்கள் உறிஞ்சும் ஆற்றலை மிஞ்சிவிடும். அவ்வேகத்துக்குக் கீழே அடங்கிப்போகும் சிறு அசைவு, அதற்கு மேலே தானாகவே வளர்ந்து காரையும் டிரெய்லரையும் கவிழ்த்துவிடும். சாலையில் நூறு மைல் ஒழுங்காக வந்தவர் ஓர் இறக்கத்தில் திடீரென்று புரள்வது இதனால்தான். இறக்கத்தில் வேகம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

அந்த எல்லை வேகத்தை உயர்த்திக்கொள்வது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. நம் வண்டிக்காரர்களுக்கு இதில் பாதி தெரியும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரமா, பின்பாரமா என்று பார்த்துத்தான் ஏற்றுவார்கள். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டுக்குப் பிடிப்புப் போய்விடும். டிரெய்லரிலும் பின்பாரம் கொக்கியை மேலே தூக்கி, இழுக்கும் காரின் பின்சக்கரங்களைத் தரையில் பதியவொட்டாமல் செய்யும். காரின் வால் பிடிப்பிழந்தால் அலைவுக்குக் கொண்டாட்டம். மேலும், எடை பின்னால் தள்ளிப் போகப்போக, கொக்கியை அச்சாகக் கொண்ட நிலைமத் திருப்புத்திறன் தொலைவின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. அதே டயர்கள் முன்னைவிடப் பெரிய அலைவை அடக்க வேண்டியதாகிறது. மாற்றுச் சக்கரங்களையும் கருவிப் பெட்டியையும் டிரெய்லரின் கடைசி ஓரத்தில் வைப்பது இக்காரணத்தாலேயே தவறு.

முன்பாரம் எவ்வளவு வேண்டும்? அமெரிக்க வழக்கம், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது. சிறிய கார்களைக் கொண்டு இழுக்கும் ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைத்து, வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1945 முதல் 1949 வரை உற்பத்தியான எம்.ஜி. டி.சி. காரை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 800 கிலோ. டிரெய்லரின் எடை 500 கிலோ என்றால் மொத்தம் 1300. கொக்கியிலிருந்து டிரெய்லரின் அச்சு வரை 4 மீட்டர். பத்து விழுக்காடாக 130 கிலோ முன்பாரம் வரும்படி காரை நிறுத்தியிருக்கிறோம். இப்போது காரை ஒரு சாண், அதாவது சுமார் 23 செ.மீ., பின்னால் தள்ளி நிறுத்தினால் என்னவாகும்? திருப்புத்திறன் விதிப்படி 800-ஐ 0.23-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க, 46 கிலோ குறைகிறது. மூன்று சாண் தள்ளினால் 138 கிலோ குறையும். முன்பாரம் முழுவதும் போய்ப் பின்பாரமாகிவிடும்! உயிருக்கும் விபத்துக்கும் இடையே மூன்று சாண்கூட இல்லை. எம்.ஜி. காரில் எஞ்சின் முன்னால் இருப்பதால் மூக்கை முன்வைத்து ஏற்றலாம். கூப்பரைப் போன்ற பின்எஞ்சின் காரை மூக்கை முன்வைத்து ஏற்றினால் பாரம் பின்னால் விழக்கூடும். அதைப் பின்னோக்கி ஏற்றுவதே பல வேளைகளில் பொருந்தும்.

‘இவ்வளவு தொல்லை எதற்கு? டிரெய்லரே இல்லாமல், பழைய காரின் மூக்கில் ஒரு தண்டைப் பூட்டி, அதன் சொந்தச் சக்கரங்களிலேயே இழுத்துப் போகலாமே’ என்று தோன்றும். முன்சக்கரங்களை மட்டும் சிறு இருசக்கர வண்டியில் தூக்கி வைத்து இழுப்பதும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் பின்சக்கரங்களால் இயங்கும் பழைய கார்களுக்கு இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அவற்றின் கியர்பாக்ஸில் எண்ணெயை வாரி இறைப்பது பெரும்பாலும் அடியிலுள்ள துணைத்தண்டின் பற்சக்கரங்களே. அத்தண்டைச் சுழற்றுவது எஞ்சின் பக்கத்துத் தண்டு. எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இழுக்கும்போது துணைத்தண்டு அசையாது. பின்சக்கரங்களோடு இணைந்த மேல்தண்டு மட்டும் எண்ணெயின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். இருநூறு கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் பேரிங்குகள் வறண்டு தேய்ந்துவிடலாம். பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டைக் கழற்றிவிட்டு இழுத்தால் இத்தொல்லை இல்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் காரின் அடியில் படுத்து அதைக் கழற்றிப் பூட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? எழுபது எண்பது ஆண்டுப் பழமையான காருக்குப் பற்சக்கரம் கடையில் கிடைக்காது, செய்துதான் வாங்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொண்டால், நான்கு சக்கரங்களையும் டிரெய்லரில் ஏற்றுவதே என் கணக்கில் மலிவு.

திறந்த டிரெய்லரா, மூடிய பெட்டியா என்பதில் சிலர் நிறைய வாதிடுகிறார்கள். பெட்டி மழையையும் கண்பார்வையையும் தடுக்கும். ஆனால் எடை கூடும், காற்றுத் தடையும் பக்கக் காற்று தள்ளும் பரப்பும் பெருகும். இழுப்பதற்குக் கனத்த வண்டி இல்லாதவர்கள் திறந்த டிரெய்லரோடு நிற்பதே நல்லது. தொடக்கக்காரர்கள் தங்கள் காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இழுக்க வேண்டாம் என்பது பிரிட்டனில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை.

காரைக் கட்டும் பட்டைகளைப் பற்றி ஒரு சொல். 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் இயக்க ஆற்றல், அதை 25 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் பெறும் ஆற்றலுக்குச் சமம். அழுத்தமாகப் பிரேக் போட்டால், 800 கிலோ காரை முன்னே பாயவிடாமல் பிடிக்க அறுநூறு கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டியிருக்கும். கைப்பிரேக்கை நம்பிப் பயனில்லை. பட்டைகளைச் சக்கரங்களின் மேல் கட்டினால் கார் தன் சுருள்வில்களில் இயல்பாக ஆடிக்கொள்ளலாம். சட்டத்தில் கட்டி இறுக்கினால் பழைய சட்டம் வழி முழுதும் முறுக்கப்படும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் டிரெய்லர் ஆடத் தொடங்கினால்? வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவர், ‘ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அடக்கலாமே, சார்’ என்றார். இயல்பாகத் தோன்றும் விடைதான். அலைவு நேரம் ஏறத்தாழ ஒன்றரை அல்லது இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முக்கால் விநாடி அல்லது ஒரு விநாடி. நாம் கண்டு, முடிவு செய்து, கையைத் திருப்பி, அதன் விளைவு டயரை அடைவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. வலப்பக்கம் போவதைத் தடுக்கத் திருப்பியது, இடப்பக்கம் போவதற்கு உதவி செய்வதாக முடியும். ஊஞ்சலை நாமே தள்ளிவிடுகிறோம்! வேகத்தைக் கூட்டி டிரெய்லரை நேராக்கலாம் என்று சிலர் சொல்வதும் தவறு. எல்லை வேகத்தைத் தாண்டியவர் மேலும் தாண்டுவார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வேகம் தானே குறையும்வரை காத்திருப்பதுதான் செய்ய வேண்டியது. அமெரிக்காவில் டிரெய்லருக்குத் தனியாக மின்பிரேக்கும் அதைக் கையால் இயக்கும் விசையும் உண்டு. அதை மட்டும் அழுத்தினால் டிரெய்லர் பின்னோக்கி இழுபட்டு, இழுத்த கயிறு போல நேராகிவிடும். ஐரோப்பாவின் சிறு டிரெய்லர்களில் உள்ள பிரேக் வேறு வகை. கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலே பிரேக்கை இயக்கும். ஓட்டுநர் அதைத் தனியாக இயக்க முடியாது.

மனிதக் கையால் ஆகாத அந்த நேரக் கணக்கைக் கருவி செய்துவிடுகிறது. காரின் பக்கத் திரும்பலை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் போடும் மின்னணு அமைப்பு 1995-இல் மெர்சிடிஸ் காரில் வந்தது. பின்னர் இரண்டாயிரங்களில், டிரெய்லரின் அலைவை இனங்கண்டு, அலைவுக்கு நேர் எதிர்க் கட்டத்தில் இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் திறனும் அதில் சேர்ந்தது. எனினும் டயரின் பிடிப்புக்கு மேல் அதனாலும் விசை தர முடியாது. காரை மூன்று சாண் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு அக்கருவியை நம்பிக் கிளம்பியவருக்கு, எல்லை வேகம் தாழ்ந்த இடத்திலேயேதான் இருக்கும்.